நண்பர்களோடு ப்ளே-பை-போஸ்ட்: முதல் ஆட்டத்தை முடிக்கும்வரை கொண்டுபோக ஒரு வழிகாட்டி

டேபிள்டாப் ரோல்ப்ளே என்ற கதை விளையாட்டில் ஒருவர் ஜி.எம். (கேம் மாஸ்டர்) ஆக இருந்து உலகத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராக ஆடுவார்கள். எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வழியில்லாதபோது அதையே எழுத்தில் ஆடுவதுதான் ப்ளே-பை-போஸ்ட். ஜி.எம். ஒரு காட்சியை எழுதிப் போடுவார். அவரவருக்கு நேரம் கிடைக்கும்போது தன் கேரக்டர் என்ன செய்கிறது என்று எழுதுவார்கள். அதன் விளைவை ஜி.எம். அடுத்த போஸ்டில் எழுதுவார். சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர் என்று பிரிந்து கிடக்கும் நண்பர்களுக்கு இது ரொம்பத் தோதான வழி.

நான் ப்ளேயராகவும் ஜி.எம். ஆகவும் சேர்ந்த ஆட்டங்களில் பாதியில் நின்றுபோனவை எல்லாம் ஒரே மாதிரிதான் நின்றன. கதையில் குறை இல்லை, ஆர்வத்திலும் குறை இல்லை. யாரோ ஒருவருடைய பதிலுக்காக மற்றவர்கள் காத்திருப்பார்கள். இரண்டு நாள் ஐந்து நாளாகும். அதற்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதே மறந்துபோகும். அதோடு சரி. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்காகத்தான். உங்கள் வசதிக்கு எதை மாற்றினாலும் அந்த ஒன்றை மனதில் வைத்து மாற்றுங்கள்.

1. ஆட்களைச் சேர்ப்பது

ஜி.எம். தவிர மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஐந்து பேருக்கு மேல் போனால் ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒருவர் ஊரில் இருக்க மாட்டார், அல்லது ஆபீஸில் மாட்டிக்கொண்டிருப்பார். இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள் என்றால் ஐயர்ன்ஸ்வார்ன் என்ற இலவச விதிநூலைப் பாருங்கள். அதை ஜி.எம். இல்லாமலே ஆடலாம்.

அழைக்கும்போது “ஒரு கேம் ஆடலாமா?” என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். “வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் எழுத வேண்டும், மூன்று நான்கு மாதம் ஓடும், முடியுமா?” என்று கேளுங்கள். இதைக் கேட்டுத் தயங்குகிறவரை வற்புறுத்த வேண்டாம். வாசகராக வந்து படிக்கட்டும். அதுவும் ஆட்டத்துக்கு நல்லதுதான்.

2. விதிநூலைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலோர் கேள்விப்பட்டிருப்பது டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்). அதன் அடிப்படை விதிகள் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தாலும் முதல் ப்ளே-பை-போஸ்ட் ஆட்டத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் சண்டை வந்தால் ஒருவர் பின் ஒருவராகத்தான் முறை வரும். அடி பட்டதா என்று ஒரு பகடை, பட்டால் எவ்வளவு என்று இன்னொரு பகடை, நடுவே எதிராளியின் ரியாக்‌ஷன். நான்கு ப்ளேயர், ஒரு ஜி.எம்., ஆளுக்கு ஒரு நாள் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு ஐந்து நாள். மூன்று சுற்றுச் சண்டைக்குப் பதினைந்து நாள். மேஜையில் அரை மணியில் முடிகிற விஷயம் இது.

நான் சொல்வது கெய்ர்ன் என்ற விதிநூல். இலவசம், அதன் தளத்திலேயே முழு விதியும் இருக்கிறது, ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம். பலம், லாகவம், மனவுறுதி என்று மூன்றே பண்புகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று டி6 (ஆறு முகப் பகடை) உருட்டிக் கூட்டுவது, வேண்டுமானால் இரண்டை மாற்றிக்கொள்வது. ஆபத்தான ஒன்றைச் செய்யும்போது டி20 (இருபது முகப் பகடை) உருட்டி அந்தப் பண்பின் எண்ணுக்குள் வந்தால் தப்பித்தீர்கள். இதற்குச் சேவ் என்று பெயர். சாமான் வைக்க பத்தே இடம். பத்தும் நிறைந்தால் ஹெச்.பி. (அடியிலிருந்து காக்கும் எண்) சுழியம் ஆகிவிடும்.

எழுத்தில் ஆடுபவர்களுக்கு இதில் உள்ள பெரிய வரம், அடி பட்டதா என்று பார்க்க உருட்டவே வேண்டாம் என்பது. தாக்கினால் பட்டது, எவ்வளவு என்று மட்டும் ஒரு பகடை. தவிர, எல்லாருடைய செயலையும் முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் விளைவைப் பார்க்க வேண்டும் என்பது கெய்ர்னின் விதியிலேயே இருக்கிறது. எழுத்தில் ஆடுவதற்கென்றே யோசித்து வைத்தது போல இருக்கும்.

3. இடத்தை அமைப்பது

டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில் ஒரு தனி சர்வர் (உங்கள் குழுவுக்கான இடம்) தொடங்குங்கள். செலவு இல்லை. நான்கு சேனல் (தனித்தனி அரட்டை அறை) போதும்:

ஆட்டம் — கதை மட்டும்.
அரட்டை — சந்தேகம், கேலி, “இன்னைக்கு லேட் ஆகும்” எல்லாம் இங்கே.
பகடை — உருட்டல்கள்.
குறிப்பு — ஜி.எம். மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம்.

ஆட்டம் சேனலில் அரட்டை கலக்கவே கூடாது. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருபவர் மேலிருந்து கீழே படித்தால் கதை புரிய வேண்டும். ஒரே ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் ஆட்டத்தை நடத்தலாம் என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள், ஏனென்றால் எல்லாரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். ஜி.எம். ராத்திரி உட்கார்ந்து எழுதிய காட்சி, காலையில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துபோயிருக்கும். வேண்டாம்.

இங்கே சில பொறிகள் உண்டு.

டிஸ்கார்டில் சேனலுக்குள் த்ரெட் (கிளை உரையாடல்) தொடங்கலாம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் சில நாள் யாரும் எழுதாவிட்டால் த்ரெட் பட்டியலிலிருந்து தானாக மறைந்துவிடும். அதிகபட்சம் ஒரு வாரம்தான் வைக்க முடியும். மெதுவாக நகரும் ஆட்டத்தில் இது பெரிய தொல்லை. முக்கியக் கதையைச் சேனலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசக் கணக்கில் ஒரு செய்திக்கு 2000 எழுத்துக்குறிதான் வரம்பு. தமிழில் எழுதுபவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகும். புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றும் தனிக்குறியாக எண்ணப்படுகிறது. “தமிழ்” என்ற சொல்லே கணக்கில் ஐந்து. ஆக ஒரு போஸ்ட் சுமார் இருநூறு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எழுதினால் இரண்டாகப் பிரித்துப் போட வேண்டியதுதான். என்னைக் கேட்டால் இந்த வரம்பு நல்லது. நீளமான போஸ்டுக்குப் பதில் எழுதத்தான் ஆட்கள் தள்ளிப்போடுவார்கள்.

பகடைக்கு டைஸ் மெய்டன் போன்ற ஒரு பாட் (சர்வரில் தானாக இயங்கும் நிரல்) சேர்த்துக்கொள்ளுங்கள். கேரக்டர் பெயரிலும் படத்திலும் செய்தி வர வேண்டும் என்றால் டப்பர்பாக்ஸ். இரண்டும் இலவசமாகவே பயன்படும். எந்த பாட் சேர்த்தாலும் அட்மின் அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். செய்தி படிக்கவும் எழுதவும் விட்டால் போதும். டப்பர்பாக்ஸுக்கு மட்டும் செய்திகளை நிர்வகிக்கும் அனுமதியும் வெப்ஹுக் (வேறு பெயரில் செய்தி போட விடுவது) அனுமதியும் கூடுதலாக வேண்டும்.

கடைசியாக, எல்லா ப்ளேயருக்கும் பொதுவாக ஒரு ரோல் (பலரையும் ஒரே பெயரில் கூப்பிட உதவும் குழுப் பெயர்) உருவாக்குங்கள். புதுக் காட்சி போட்டதும் அந்தப் பெயரை ஒருமுறை டேக் செய்தால் எல்லாருக்கும் மணி அடிக்கும். மற்ற அறிவிப்புகளை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்க மணி அடித்தால் சர்வரையே மௌனமாக்கிவிடுவார்கள். அப்புறம் எதுவும் அவர்களை எட்டாது.

4. தேவையான காகிதங்கள்

எல்லாம் கூகுள் டாக்ஸில் இருக்கலாம். ஆட்டம் தொடங்கும் முன்னே மூன்று தயாராக இருக்க வேண்டும்.

முதலாவது, ஒரு பக்க ஆட்டக் குறிப்பு. எந்த மாதிரி உலகம், பயமா வேடிக்கையா, கேரக்டர் சாகலாமா, எந்த நாளில் போஸ்ட் வரும், எப்போது முடியும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, கேரக்டர் ஷீட். ஒரே டாக்குமெண்டில் எல்லாருடையதையும் அடுத்தடுத்து வையுங்கள், திருத்தும் உரிமை எல்லாருக்கும் இருக்கட்டும். ஆளுக்கொரு கோப்பு என்று போனால் “உன் பலம் எவ்வளவு?” என்று கேட்டுப் பதில் வர ஒரு நாள் ஓடிவிடும். ஜி.எம். கேட்காமலே பார்க்க முடிய வேண்டும்.

மூன்றாவது, வேண்டாதவை பட்டியல். கதையில் வரவே கூடாதவை, வந்தாலும் திரை மறைவில் நடந்துவிட வேண்டியவை என்று இரண்டு தலைப்பு. குழந்தைகள் மீதான வன்முறை, பூச்சி, சாதி வசவு, தற்கொலை, எதுவானாலும். இதைப் பொதுவில் கேட்காமல் ஒவ்வொருவரிடமும் தனிச் செய்தியில் கேட்டு, பெயர் இல்லாமல் தொகுத்துப் போடுங்கள். காரணம் கேட்கக் கூடாது. மேஜையில் முகம் மாறுவது தெரியும், எழுத்தில் தெரியாது. நண்பர்கள்தானே என்று இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நண்பர்கள் என்பதால்தான் பலர் வாய்விட்டுச் சொல்லாமல் ஒதுங்கிவிடுவார்கள்.

ஆட்டம் தொடங்கியபின் நான்காவதாக ஒன்று சேரும்: இதுவரை நடந்தது. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் நான்கைந்து வரி. சந்தித்தவர்களின் பெயர், கையில் கிடைத்த பொருள், விடை தெரியாத கேள்வி. இதைக் குறிப்பு சேனலில் பின் (pin) செய்துவிடுங்கள்.

5. கால அட்டவணை

“முடிந்தபோது எழுதுங்கள்” என்றால் யாருக்கும் முடியாது. கிழமையும் நேரமும் வேண்டும். எங்களுக்குச் சரிப்பட்ட முறை இது: ஜி.எம். போஸ்ட் செவ்வாயும் வெள்ளியும் இந்திய நேரம் இரவு 9 மணி. அடுத்த ஜி.எம். போஸ்டுக்கு ஒரு மணி நேரம் முன்புவரை ப்ளேயர்கள் எழுதலாம். அதன்பின் வந்தது அடுத்த சுற்றுக்கு.

இந்தக் கணக்கில் மாதத்துக்கு எட்டு ஒன்பது ஜி.எம். போஸ்ட். சின்ன சாகசம் ஒன்றுக்கு முப்பது போஸ்ட் பிடிக்கும் என்று வைத்தால் மூன்றரை மாதம். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தினமும் போஸ்ட் என்று ஆர்வத்தில் தொடங்கினால் முதல் வாரம் அருமையாக இருக்கும். இரண்டாவது வாரமே மூச்சு வாங்கும்.

இந்தியாவில் இரவு 9 என்றால் சிங்கப்பூரில் 11.30. டொராண்டோவில் குளிர்காலத்தில் காலை 10.30, கோடையில் 11.30. கனடாவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். அந்த வாரங்களில் கெடு நேரம் குழம்பும், முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள். டிஸ்கார்டின் நேர முத்திரையைப் பயன்படுத்தினால் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரமே தெரியும்.

கெடுவுக்குள் ஒருவர் எழுதாவிட்டால்? அதற்கும் விதி முன்பே இருக்கட்டும்: அந்தச் சுற்றில் ஜி.எம். அவருடைய கேரக்டரைப் பாதுகாப்பாக நடத்துவார். துணைக்கு நிற்கும், கூடவே வரும்; சாகாது, பெரிய முடிவு எதுவும் எடுக்காது. இதை எழுதி வைத்துவிட்டால் வர முடியாதவருக்குக் குற்றவுணர்ச்சியும் இல்லை, மற்றவர்களுக்கு எரிச்சலும் இல்லை. தொடர்ந்து மூன்று சுற்று வராதவரிடம் தனியாகப் பேசுங்கள். போக விரும்பினால் அவருடைய கேரக்டருக்கு ஒரு நல்ல வழியனுப்புதல் எழுதிக் கொடுங்கள். பிறகு திரும்பி வரவும் அந்த வழி திறந்திருக்கும்.

6. ஜி.எம். போஸ்ட் எழுதுவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இப்படி ஒரு போஸ்டைப் பாருங்கள்:

> நீங்கள் மூவரும் பழைய ஆலைக்கு வந்து சேர்கிறீர்கள். கதவு மூடியிருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?

இதற்கு “சுற்றிப் பார்க்கிறேன்” என்று ஒருவர் எழுதுவார். “நானும்” என்பார் அடுத்தவர். மூன்று நாள் போயிருக்கும், ஆனால் எதுவும் நடந்திருக்காது. அதே இடத்தை இப்படி எழுதலாம்:

> இருட்டத் தொடங்கிவிட்டது. ஆலையின் கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. பக்கத்துச் சுவரில், தலைக்கு மேலே, பலகை உடைந்த ஒரு ஜன்னல். உள்ளே தானியம் அரைபடுகிற சத்தம் கேட்கிறது; சக்கரத்தைச் சுற்றும் வாய்க்காலிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை.
> பொன்னி: சேற்றில் உள்ள காலடிகள் எல்லாம் உள்ளே போனவை. வெளியே வந்தது ஒன்றுகூட இல்லை.
> மாறன்: முதுகுப் பையைக் கழற்றினால் நீ அந்த ஜன்னலில் நுழையலாம்.
> செங்கான்: கதவு உளுத்துப்போனது. உன் ஒரு உதைக்குத் தாங்காது, ஆனால் ஊருக்கே கேட்கும்.
> வெள்ளி இரவு 8-க்குள் சொல்லுங்கள்: கதவா, ஜன்னலா, விடியும்வரை காத்திருப்பதா?

சுற்றிப் பார்த்தால் என்ன தெரியுமோ அதை ஜி.எம். கேட்காமலே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு கேரக்டருக்கும் அவர்களுக்கே உரிய ஒன்று இருக்கிறது. கடைசியில் தெளிவான கேள்வியும் கெடுவும் இருக்கின்றன. கேள்வி இல்லாமல் போஸ்டை முடிக்கவே முடிக்காதீர்கள். பட்டியலில் இல்லாத நான்காவது வழியை ப்ளேயர் கண்டுபிடித்தால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறேன் என்பார், இறங்கட்டும்.

வழியில் நடப்பது, கடையில் பேரம், கூடாரம் போடுவது, இவற்றை ஒரு வரியில் தாண்டிப் போங்கள். முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் காட்சியை நிறுத்துங்கள்.

7. ப்ளேயர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது

ஒரே ஒரு பழக்கம் போதும்: செய்வது, எதற்காகச் செய்வது, அது நடக்காவிட்டால் என்ன செய்வது. மூன்றும் ஒரே போஸ்டில்.

> பொன்னி ஜன்னலுக்குக் கீழே நின்று மாறனுக்குத் தோள் கொடுக்கிறாள். உள்ளே இருப்பவர் பார்த்துவிட்டால் அவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவாள். பார்க்காவிட்டால் பின்னாலேயே ஏறிப்போய்த் தாழைத் திறப்பாள்.

இதில் இரண்டு சுற்று மிச்சம். ஜி.எம். எந்தப் பக்கம் போனாலும் பொன்னியிடம் திரும்பிக் கேட்க வேண்டியதில்லை.

கேரக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காட்சி அழகானது, ஆனால் ஆளுக்கொரு வரியாக வந்தால் நாள் கணக்கில் இழுக்கும். அப்படிப் பேச ஆசைப்படும் இருவர் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்கும்போது அரை மணி உட்கார்ந்து ஆடி முடித்துவிடட்டும்.

8. சண்டை

முன்கூட்டியே எல்லாரிடமும் ஒரு சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்: சண்டையில் எல்லாருக்காகவும் ஜி.எம். பகடை உருட்டலாம். பகடை சேனலில் எல்லார் கண் முன்னாலும்தான் உருட்டல் நடக்கும், சந்தேகத்துக்கு இடமில்லை. தானே உருட்ட ஆசைப்படுபவர், செயலை எழுதும்போதே உருட்டிவிடட்டும்.

ஒரு சுற்று எப்படி ஒரே போஸ்டில் முடிகிறது என்று பாருங்கள். ஆலைக்குள் ஓநாய், ஹெச்.பி. 4, பலம் 10. பொன்னி வாளால் வெட்டுகிறாள், மாறன் அம்பு எய்கிறான், செங்கான் கதவை இழுத்துப் பிடித்திருக்கிறான். முதல் சுற்று என்பதால் எதிராளிக்கு முன் செயல்பட மூவருக்கும் லாகவச் சேவ், மூவரும் தேறிவிட்டார்கள். வாளுக்கு டி8, விழுந்தது 3. வில்லுக்கு டி6, விழுந்தது 5. ஒரே எதிராளியைப் பலர் தாக்கினால் கெய்ர்னில் பெரிய எண் மட்டும்தான் கணக்கு, ஆக 5. நான்கு ஹெச்.பி. போய் மிச்சம் ஒன்று பலத்தில் கழிகிறது, பலம் 9. உடனே பலச் சேவ்: டி20-இல் 14. தேறவில்லை, ஓநாய் சாய்ந்துவிட்டது. இதை ஜி.எம். ஆறேழு வரியில் கதையாக எழுதிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்கிறார். மூன்று ப்ளேயர் போஸ்ட், ஒரு ஜி.எம். போஸ்ட், அவ்வளவுதான்.

வெற்றி உறுதியான சண்டையை இழுக்காதீர்கள். எதிராளிகளில் பாதிப் பேர் விழுந்துவிட்டால் மிச்சம் ஓடிவிடட்டும், சரணடையட்டும்.

9. செலவு

டிஸ்கார்ட், விதிநூல், பாட், கூகுள் டாக்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு ரூபாய்கூட ஆகாது. வரைபடம் வேண்டுமானால் தாளில் வரைந்து போனில் படம் எடுத்துப் போடலாம். காய் நகர்த்த வேண்டும் என்றால் ஓல்பேர் ரோடியோ என்ற வரைபடத் தளத்தில் இலவசக் கணக்கே போதும். டிஸ்கார்டின் நைட்ரோ சந்தா தேவையில்லை.

ஆயத்தச் சாகசங்கள் டிரைவ்த்ரூ ஆர்.பி.ஜி., இட்ச் தளங்களில் விலைக்கும் இலவசத்துக்கும் கிடைக்கும். விலைக்கு வாங்கினால் டாலர் கணக்கு. இந்திய வங்கி அட்டையில் சர்வதேசப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் நீங்களாகத் திறந்துவிட்டால்தான் பணம் போகும். வாங்கியதும் மறுபடி மூடிவிடுங்கள். என் யோசனை, முதல் ஆட்டம் முடியும்வரை எதற்கும் பணம் கட்டாதீர்கள். உங்கள் கூட்டத்துக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

நேரச் செலவுதான் உண்மையான செலவு. தொடங்கும் முன் தயாரிப்புக்கு ஒரு வார இறுதி. அப்புறம் ஜி.எம்.முக்கு போஸ்டுக்கு முக்கால் மணி, ப்ளேயருக்குப் பத்து நிமிடம்.

10. முடிப்பது

முடிவே இல்லாத பெருங்கதையைத் திட்டமிடாதீர்கள். ஒரு இடம், ஒரு கேள்வி. ஆலையில் அரைப்பது யார் என்று தெரிந்தால் ஆட்டம் முடிந்தது. இருபது போஸ்ட் தாண்டியும் பாதிக்கூட வரவில்லை என்றால் இடையில் உள்ள இரண்டு அறைகளைத் தூக்கிவிடுங்கள். அங்கே இருக்க வேண்டிய துப்பைக் கண்முன் உள்ள அறைக்கே கொண்டுவந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

கடைசிப் போஸ்டுக்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் கேரக்டர் அப்புறம் என்ன ஆனது என்று ஒரு பத்தி எழுதட்டும். ஆட்டம் சேனல் முழுவதையும் ஒரு டாக்குமெண்டில் ஒட்டிச் சேமியுங்கள். சேனலை அப்படியே இறக்கிக்கொள்ளும் பொத்தான் டிஸ்கார்டில் கிடையாது, அதனால் காட்சி முடிய முடிய ஒட்டி வந்தால் கடைசியில் சுமை இருக்காது. பிறகு சேனலில் எழுதும் அனுமதியை எடுத்துவிட்டுப் படிக்க மட்டும் விட்டுவையுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். அதற்குள் ப்ளேயர்களில் யாராவது ஜி.எம். ஆக இருந்து பார்க்கிறாரா என்று கேளுங்கள். அவருக்கு உங்கள் ஆட்டக் குறிப்பையும் ஷீட்டையும் அப்படியே ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாம்.